சீக்கு வராத வம்சம்

தெரிந்தே சொன்ன பொய்களையும் தெரியாமல் சொன்னவற்றையும் எழுதிவிடுகிறேன். 

"எங்கள் லைன் குஞ்சுகளுக்குச் சீக்கு வராது. தடுப்பூசி தேவையில்லை. எதிர்ப்புச் சக்தி ரத்தத்திலேயே இருக்கிறது." வாட்ஸ்அப் குழுக்களில் நான் போட்டுவந்த விளம்பரம் இது. மேலே ஒரு சேவலின் படம் இருக்கும். கிளிமூக்கு, வெள்ளைக் கண், தரையில் புரளும் விசிறிவால்.

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட ஒரு ஊர் எனக்கு. சேலம், கரூர், திண்டுக்கல் பக்கமெல்லாம் இந்தச் சேவலுக்காகப் பைத்தியமாக அலைகிறவர்கள் உண்டு. கண்காட்சி வைப்பார்கள். மூக்கு எவ்வளவு வளைந்திருக்கிறது, வால் எவ்வளவு நீளம் என்று பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். நல்ல சேவல் ஒன்று பைக் விலைக்குப் போகும். குஞ்சு ஜோடிக்கு மற்றவர்கள் என்ன வாங்குவார்களோ அதைவிடக் கூட்டித்தான் நான் வாங்கினேன். அந்தக் கூடுதல் காசு மூக்குக்கோ வாலுக்கோ கிடைத்ததில்லை. சீக்கு வராது என்ற அந்த வரிக்குக் கிடைத்தது.

அதை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் நான் பார்த்த வேலையையும் சொல்லியாக வேண்டும். நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் சூப்பர்வைசர். அந்த வேலையில் பாதி தடுப்பு மருந்து வேலைதான். பொரிப்பகத்தில், குஞ்சு பிறந்த அன்றே, கழுத்துத் தோலுக்கு அடியில் மேரக்ஸ் ஊசி போட்டுத்தான் அனுப்புவார்கள். எங்களிடம் வந்த முதல் வாரத்தில் கழிச்சலுக்கு லசோட்டா சொட்டு மருந்து. அப்புறம் கம்போரோ, திரும்ப லசோட்டா, அம்மை என்று கூண்டுக்கு ஏறும்வரை அட்டவணை ஓடும். குஞ்சின் தலையைச் சாய்த்துப் பிடித்து, நீலச் சாயம் கலந்த மருந்தைக் கண்ணில் ஒரு சொட்டு விட வேண்டும். அது இமை கொட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும்வரை கையை எடுக்கக் கூடாது. வெளியே வழிந்துவிட்டால் அந்தக் குஞ்சுக்கு மருந்து போகவில்லை என்று அர்த்தம். ஆயிரக்கணக்கில் பிடித்துப் பிடித்துக் கை ஓய்ந்துபோன பெண்கள் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். அலகைத் திறந்து நாக்கில் நீலம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. ஏறாத குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்களை நான் பேசிய பேச்சுகளை இங்கே எழுத முடியாது. அன்றைக்கு ராத்திரியே வீட்டில் படுத்துக்கொண்டு, தடுப்பூசி தேவையில்லை என்று குழுவில் போடுவேன்.

பண்ணையில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. வீட்டுக் கோழியின் கிருமி செருப்பிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் போய்விடும் என்பதால். அதையும் மீறினேன். கேட்டால் கோழியெல்லாம் அம்மாவுடையது என்று சொல்ல ஒரு பதில் தயாராக இருந்தது. யாரும் கேட்கவில்லை.

2020 மார்ச்சில், கோழி தின்றால் கொரோனா வரும் என்று ஒரு வதந்தி கிளம்பி, நாமக்கல்லில் முட்டை விலை படுத்துவிட்டது. எனக்குச் சம்பளம் பாதியானது. அடுத்த சில மாதத்தில் எங்கே பார்த்தாலும் எதிர்ப்புச் சக்திப் பேச்சு. கபசுரக் குடிநீர், மிளகு ரசம், நாட்டுக்கோழிச் சாறு. தங்களுக்குத் தேடியதைத் தங்கள் கோழிக்கும் தேடுகிறவர்கள் வந்தார்கள். அதுவரை அழகுக்கு விற்ற குஞ்சை நான் ஆரோக்கியத்துக்கு விற்க ஆரம்பித்தது அப்போதுதான். ஈமுவில் பணத்தைப் போட்டுக் கைசுட்டுக்கொண்ட ஊர்கள் கொங்கு நாட்டில் எத்தனையோ உண்டு. பறவையின் பெயரால் வாக்குறுதி கொடுத்தால் என்ன நடக்கும் என்று 2012இலேயே பார்த்தவன் நான். அது எனக்குத் தடையாக இல்லை. எப்படிப் பேசினால் ஆள் மடங்கும் என்பதை அங்கிருந்துதான் கற்றுக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஆரம்பத்தில் அது முழுப் பொய் என்று நான் நினைக்கவில்லை. கண்ணால் கண்ட சான்று ஒன்று இருந்தது. ஒரு பங்குனியில் எங்கள் ஊரில் வெள்ளைக்கழிச்சல் விழுந்தது. எங்கள் தெருவில் கோழிகள் முதலில் தூங்கி வழிந்தன. பிறகு பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன. கழுத்து முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி சுற்றிச் சுற்றி விழுந்தன. நான்கைந்து நாளில் பக்கத்து வீட்டுக் கொடாப்பு காலி. எங்கள் வீட்டில் ஒன்று இரண்டு சோர்ந்து தேறின. மற்றவை வழக்கம்போல் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. இந்த நோய் 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் முதலில் அடையாளம் காணப்பட்டது. நம் நாட்டில் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கேத் ஊரின் பெயரைப் பெற்றது. எதிர்ப்பே இல்லாத கூட்டத்தில் புகுந்தால் ஏறக்குறைய மொத்தத்தையும் கொண்டுபோய்விடும். இதெல்லாம் தெரிந்திருந்தும், என் கோழிகள் ஏன் பிழைத்தன என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பதிலை முதலிலேயே முடிவுசெய்து வைத்திருந்தேன். வம்சம்.

வாங்கியவர்களும் அதையே உறுதிசெய்தார்கள். ஒரு வாரக் குஞ்சாகக் கொண்டுபோன பையன்கள் பத்துப் பதினைந்து நாளில் படம் அனுப்புவார்கள். "குஞ்சு சூப்பர்ணா. ஒண்ணுகூடப் போகல." அந்தச் செய்திகளை எடுத்து விளம்பரத்தோடு ஒட்டினேன்.

அதற்கு அடுத்த வருஷம் தங்கையின் பிரசவத்துக்காக அம்மா திருப்பூர் போனார். குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் அங்கேயே தங்க வேண்டியதாகிவிட்டது. மாசி முடிந்து வெயில் ஏறிய நேரத்தில் மறுபடியும் சீக்கு வந்தது. இந்தத் தடவை எங்கள் வீட்டிலிருந்தே சாவு ஆரம்பித்தது. நான் பேர் வைத்து வளர்த்த வெடைகளெல்லாம் போயின. ஒரு மயில் நிறச் சேவலும் சில கிழட்டுப் பெட்டைகளும் மிஞ்சின. போனில் அம்மாவிடம் சொன்னபோது அவர் திருப்பிக் கேட்டது இதுதான்.

"நான் இல்லாதப்ப சனிக்கெழமைக்கு யாரு கொண்டுபோனது?"

"எங்க கொண்டுபோறது?"

"ஆஸ்பத்திரிக்குத்தான் சாமி. கோழிக்கு ஊசி போட."

கால்நடை மருந்தகங்களில் சனிக்கிழமைதோறும் கோழிக்கழிச்சலுக்கு இலவசமாகத் தடுப்பூசி போடுவார்கள். பிப்ரவரியில் இரண்டு வாரம் ஊர் ஊராக முகாமும் நடக்கும். நான் பண்ணைக்குப் போன பிறகு, எட்டு வாரம் தாண்டிய கோழிகளைக் கூடையில் போட்டு, மேலே பழைய சேலையைக் கட்டி, அம்மா நடந்தே கொண்டுபோய் ஊசி போட்டுவந்திருக்கிறார். அப்பா காலத்திலிருந்து அது அவருடைய வழக்கம். இராணிப்பேட்டையில் 1932இலிருந்து இயங்கும் அரசு நிலையத்தில் தயாராகி வருகிற மருந்து. என் வம்சத்தின் வலிமை அங்கிருந்து குளிர்பெட்டியில் வந்துகொண்டிருந்தது. "ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றேன். "நீ பண்ணையில வேலை பாக்கறவன். கோழிக்கு ஊசி போடோணும்னு உனக்குத் தெரியாதா?" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தார்.

இதுவரைக்கும் நடந்ததை அறியாமை என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்தப் போனுக்குப் பிறகு நடந்தவை அப்படியில்லை. அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். விளம்பரத்தை எடுக்கவில்லை, ஒரு வரியை மாற்றினேன். "கழிச்சலிலும் தப்பிய சேவலின் வாரிசுகள்."

அந்த ஒரு வரியில் எத்தனை புரட்டு என்று பிரித்துச் சொல்கிறேன். நோயிலிருந்து தேறிய கோழிக்கு உடம்பில் எதிர்ப்பணுக்கள் உண்டாகும். ஊசி போட்டாலும் உண்டாகும். பெட்டை தன்னிடமுள்ளதை முட்டையின் மஞ்சள் கருவில் வைத்துக் குஞ்சுக்குக் கொடுக்கும். குஞ்சு அதை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று வாரம் ஓட்டும். பிறகு அது கரைந்துவிடும். இது சேமிப்பு மாதிரி. தாய் கொடுத்தது தீர்ந்தால் குஞ்சு தானாகச் சம்பாதிக்க வேண்டும். சேவலுக்கு அந்த வழியே கிடையாது. தான் பிழைத்த கதையை மகனுக்கு ரத்தத்தில் எழுதிக் கொடுக்க அதனால் முடியாது. ஒரு சேவல் தப்பியதற்குப் பரம்பரைதான் காரணம் என்று சொல்லவும் ஆதாரமில்லை. அம்மா முந்தைய வருஷம் போட்ட ஊசி அதன் உடம்பில் இன்னும் மிச்சமிருந்திருக்கலாம். பையன்கள் அனுப்பிய "சூப்பர்ணா" செய்திகளின் ரகசியமும் இதுதான். அந்தக் குஞ்சுகளைக் காத்தது அம்மா தாய்க்கோழிக்குப் போட்ட ஊசி. மஞ்சள் கரு தந்த காவல் தீர்ந்து, ஒன்றரை இரண்டு மாதத்தில் அவை விழுந்தபோது, யாரும் படம் அனுப்பவில்லை. சிலர் போன் செய்தார்கள். வளர்ப்பு சரியில்லை என்று சொன்னேன்.

வாழப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா. மகளிர் குழுக் கடனில் வாங்கிப் போனவர். மொத்தமும் செத்த பிறகு கூப்பிட்டார். சண்டைக்கு வருவார் என்று நினைத்து நான் பதில் தயாராக வைத்திருந்தேன். "தம்பி, நான்தான் ஏதோ தப்பா வளத்துட்டேனாட்ட இருக்குது" என்றார். "ஆமாங்க்கா, தண்ணிப் பாத்திரம் சுத்தமா வெக்கோணும்" என்றேன்.

வம்சம் என்பதே பொய் என்று நான் சொல்லவரவில்லை. நாட்டுக்கோழி, வெளிநாட்டுக் கோழி என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாக் கோழியிலும் நோயைத் தாங்கும் திறனில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கு எந்த நோயில் பெரிது, எதில் சிறிது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கழிச்சலில் அது சிறிது. எகிப்தின் ஃபயூமி இனக் கோழிகள் அந்தக் கிருமியை லெகார்ன் இனத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரம் உடம்பிலிருந்து விரட்டுகின்றன என்று அமெரிக்காவில் அயோவாவில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. சோதனைக்கு அவர்கள் கொடுத்தது வீரியம் குறைந்த லசோட்டா வகைக் கிருமி. வெயில் காலத்தில் எங்கள் தெருவுக்கு வந்தது அந்த ரகமில்லை.

பரம்பரை உண்மையிலேயே பெரிய பங்கு வகிக்கும் நோய் ஒன்று என் வீட்டிலேயே இருந்தது. அதை நான் கால்சியம் குறைபாடு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று நான்கு மாதத்துச் சேவல், நன்றாக மேய்ந்துகொண்டிருப்பது, திடீரென்று நொண்டும். இரண்டொரு நாளில் ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் நீட்டிப் படுத்துவிடும். தீனி எடுக்கும், கண் தெளிவாக இருக்கும், எழ மட்டும் முடியாது. வாங்கியவர்கள் கேட்டபோது கால்சியம் டானிக் கொடுக்கச் சொன்னேன். டானிக் பாட்டிலையும் நானே விற்றேன். கடைசியில் எனக்கு மிகப் பிடித்த ஒரு சேவல் அப்படிப் படுத்துச் செத்ததும்தான் மனது கேட்காமல் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு டாக்டர் தொடைச் சதையைப் பிரித்து இரண்டு பக்கத்து நரம்பையும் வெளியே காட்டினார். ஒரு பக்கம் மெல்லியதாக, வெள்ளி நூல்போல, குறுக்கே நுண்ணிய வரிகளோடு இருந்தது. இன்னொரு பக்கம் அதைப்போல் இரண்டு மடங்கு பருத்து, மஞ்சளித்து, வரியே இல்லாமல் வழவழவென்று இருந்தது. "மேரக்ஸ். வீட்ல இதுக்கு என்ன சொல்லிட்டு இருந்தீங்க?" என்றார். கால்சியம் என்றேன். "எத்தனை பேருக்குச் சொன்னீங்க?" ரெண்டு மூணு பேருக்கு என்றேன். அங்கேயும் பொய்.

பண்ணையில் நாள் தவறாமல் அட்டவணையில் பார்த்த பெயர் அது. பிறந்த அன்றே போடாவிட்டால் அந்த ஊசியால் பெரிய பயனில்லை என்பதும் தெரியும். எனக்குத் தெரிந்த புட்டிகள் ஆயிரம் குஞ்சுக்குரியவை; கரைத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அடைக்கோழியின் கீழே பத்துக் குஞ்சு பொரிக்கிற வீட்டுக்கு அது தோதுப்படாது. ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு மேரக்ஸில் மிஞ்சுவது சேவலும் பெட்டையும் கொடுக்கிற பரம்பரைதான்.

புடாபெஸ்டில் யோசெஃப் மாரெக் என்பவர் 1907இல் நான்கு சேவல்களில் பார்த்து எழுதிய வாத நோய் இது. இறகின் வேரிலிருந்து உதிரும் பொடியில் கிருமி பரவும்; கொட்டகைத் தூசியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 1960களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராண்டல் கோல் என்பவர், ஒரே கூட்டத்திலிருந்து இந்த நோயைத் தாங்கியவற்றின் வாரிசுகளைத் தனியாகவும் தாங்காதவற்றின் வாரிசுகளைத் தனியாகவும் பெருக்கினார். சில தலைமுறையிலேயே ஒரு பக்கம் பெரும்பாலும் பிழைத்தது, மறுபக்கம் பெரும்பாலும் செத்தது. தாங்கிய பக்கத்தில் பி-21 என்ற ரத்த வகை இருந்தது, தாங்காத பக்கத்தில் பி-19. இந்த வகைகள் இருப்பதையே முதலில் கண்டுபிடித்தவர் எல்வுட் பிரைல்ஸ்.

இந்த வகைகளின் வேலை நடப்பது இப்படி. உடம்பின் ஒவ்வொரு உயிரணுவும் தனக்குள் இருக்கும் புரதங்களின் துணுக்குகளை வெளிப்பரப்பில் ஏந்திக் காட்டும். அதில் கிருமியின் துணுக்கு இருந்தால் காவல் அணுக்கள் அந்த அணுவை அழிக்கும். ஏந்திக் காட்டும் மூலக்கூறுகள் மனிதனுக்கு ஆறு வகை வரை இருக்கும். கோழிக்கு முக்கியமாக வேலை செய்வது தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. பி-21 தருவது பலவிதத் துணுக்குகளைப் பிடிக்கக்கூடிய மூலக்கூறு. வேறு சில வகைகள் ஒரே மாதிரித் துணுக்கை மட்டும் பிடிக்கும். இரண்டு பக்கமும் ஒரே வகை வந்துவிட்டால், அது பிடிக்காததை அந்தக் கோழி காவலுக்குக் காட்டவே முடியாது.

நான் செய்த வேலை என்ன? மூக்கின் வளைவு கலையக் கூடாது என்று மயில் சேவலை அதன் மகளோடு சேர்த்தேன். அந்தக் குஞ்சுகளில் மூக்கு நன்றாக வந்த வெடையை எடுத்து மறுபடியும் அதே சேவலோடு சேர்த்தேன். தகப்பனும் மகளும் சேர்ந்தால் குஞ்சின் பரம்பரையில் கால் பங்கு இரண்டு பக்கமும் ஒன்றேயாகிவிடும் வாய்ப்பு. பேத்தியோடு சேர்த்தால் அது இன்னும் ஏறும். மூக்கு அழகாக வளைந்தது. சில குஞ்சுக்கு வளைவு மிஞ்சித் தரையில் கிடக்கும் கம்பைப் பொறுக்க முடியாமல் திணறியது. முட்டை கூமுட்டையாவது கூடியது. கால் நீட்டிப் படுத்தவை பெரும்பாலும் இந்த வழிக் குஞ்சுகள். அதே கொட்டகையில், அதே தூசியில், சேந்தமங்கலம் நண்பர் ஒருவரின் சேவலுக்குப் பிறந்தவை அநேகமாக நடந்துகொண்டிருந்தன. ரத்தம் எடுத்துச் சோதித்ததில்லை. இதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பார்க்க வேண்டியவன் பார்த்திருந்தால் போதுமான அறிகுறி அது. மேரக்ஸில் கண்மணி ஓரம் பிசிறடித்து, கருவிழி சாம்பல் பூக்கும். அதையும் நாங்கள் முத்துக் கண் என்று மெச்சிக்கொண்டிருந்தோம்.

இதில் என்னை மிகவும் கூச வைப்பது வேறு ஒன்று. பண்ணையில் நாங்கள் இளப்பமாகப் பேசுகிற வெள்ளை முட்டைக்கோழி இருக்கிறதே, ஊசியில்தான் உயிர் வாழ்கிறது என்று நான் வாடிக்கையாளர்களிடம் கேலி செய்த கோழி, அதை உருவாக்கும் உலக நிறுவனங்கள் சில, ரத்தம் எடுத்து இந்த வகைகளைப் பார்த்துத்தான் தாய்ப் பறவைகளைத் தேர்ந்திருக்கின்றன. அங்கே எதிர்ப்புத் திறனுக்குத் தேர்வு நடந்தது. ரத்தத்திலேயே சக்தி என்று விற்ற என் கொல்லையில் மூக்குக்குத் தேர்வு நடந்தது.

எல்லா நோயையும் தாங்கும் ஒரே ரத்தம் என்று ஒன்று கிடையாது என்பதையும் பிறகுதான் படித்தேன். வர்ஜீனியாவில் பால் சீகல் 1970களிலிருந்து எதிர்ப்பணு அதிகம் சுரக்கும் கோழிகளையும் குறைவாகச் சுரக்கும் கோழிகளையும் தனித்தனி வழியாகப் பெருக்கினார். அதிகம் சுரந்தவற்றில் பி-21 குவிந்தது, மேரக்ஸையும் ராணிக்கேத்தையும் நன்றாகச் சமாளித்தன. ஆனால் உடல் எடை குறைந்தது, ஈ.கோலை போன்ற சில பாக்டீரியாவிடம் மற்ற கூட்டத்தைவிட மோசமாகத் தோற்றன. என் விளம்பரத்தில் நோய்க்குப் பெயரே இருக்காது. சீக்கு வராது என்று மொத்தமாகப் போட்டிருந்தேன். எந்தச் சீக்கு என்று யாராவது கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

கல்லூரியிலிருந்து திரும்பிய பிறகு செய்ததுதான் எல்லாவற்றிலும் மோசம். மயில் சேவலைக் கண்காட்சிக்குக் கொண்டுபோய், நல்ல விலைக்குத் திண்டுக்கல் பக்கத்து ஒருவருக்கு விற்றேன். மேரக்ஸ் கிருமி முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போவதில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு, தப்பொன்றும் இல்லை என்று மனதைத் தேற்றினேன். கிருமி போகாது. அதைத் தாங்க முடியாத குணம் போகும். இதை அவரிடம் சொல்லவில்லை. சேவலை இனப்பெருக்கத்துக்குத்தான் வாங்குகிறேன் என்று அவர் சொல்லித்தான் வாங்கினார்.

பண்ணை வேலையை விட்டுவிட்டேன். அந்த வேலையையும் வீட்டுக் கோழியையும் ஒன்றாக வைத்திருக்கக் கூடாது. இப்போது எட்டு வாரம் ஆகி, மருந்தகத்தில் ஊசி போட்ட பிறகுதான் குஞ்சை விற்கிறேன். தகப்பன் யார், வெளியிலிருந்து எந்தச் சேவல் வந்தது, அந்த வழியில் கால் நீட்டிப் படுத்தது எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி, வாங்குகிறவரிடம் காட்டுகிறேன். நோட்டைப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்கள் உண்டு. கூமுட்டை குறைந்திருக்கிறது. மூக்கு முன்போல் வளைவதில்லை, கண்காட்சியில் என்னை யாரும் தேடுவதுமில்லை. கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். திண்டுக்கல்காரருக்குப் போன் செய்து சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தச் சேவலின் குஞ்சுகளை ஏற்கெனவே விற்றுவிட்டதாகச் சொன்னார். வாங்கியவர்களிடம் சொல்லுங்கள் என்றேன். சரி என்றார். சொன்னாரா என்று நான் விசாரிக்கவில்லை.

வாழப்பாடி அக்கா பணம் கேட்கவே இல்லை. அதனால் அவருக்குக் கொடுக்கவும் இல்லை. அவருடைய எண் என் போனில் இருக்கிறது. கூப்பிட்டால் கடன் தொகை முழுவதையும் நான்தான் தர வேண்டியிருக்கும், அவர் குழுவில் நாலு பேருக்குத் தெரியும், அந்தப் பக்கம் வியாபாரம் படுத்துவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் இத்தனை நாள் கூப்பிடாமல் இருக்கிறேன். தண்ணிப் பாத்திரத்தால்தான் கோழிகள் செத்தன என்று அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பார்.